பத்துக்கு எட்டு தாய்மாமன்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து, பேருந்தில் சீட்டுப் பிடிக்க ஓடும் கூட்டம் மாதிரி இருக்கும். ஒரு எழுத்து இன்னொன்றின் மடியில் உட்கார்ந்திருக்கும். பிழைகளும் ஏராளம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நானும் அதை விட்டேன். இரண்டு பேருக்கும் அதில் வருத்தமில்லை. ஆபீஸில் தட்டச்சு அடிக்கிறவர்கள் பார்த்துத் திருத்திக்கொள்ளட்டும்.

நான் பிளக்ஸ் கட்டுகிறவன். கல்யாணம், காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் கட்டுவேன். எங்கள் மதுரையில் பிள்ளை பிறந்தால் பிளக்ஸ், கிழவர் செத்தால் பிளக்ஸ், மாடு ஜெயித்தால் பிளக்ஸ், அதே மாடு செத்தால் இன்னும் பெரிய பிளக்ஸ். அச்சடிப்பது வேறு ஆள். அதை மரச்சட்டத்தில் அடித்து, சவுக்குக் கம்பு நட்டு, ஏணியில் ஏறிக் கட்டி, விசேஷம் முடிந்ததும் அவிழ்ப்பது என் வேலை. பத்தடிக்கு எட்டடி முகங்களோடு எனக்கு நல்ல பழக்கம். சாதாரண அளவு முகங்களோடுதான் பழக வராது.

கூச்சம்தான் காரணம். இறங்க வேண்டிய இடம் வந்தால் கண்டக்டரிடம் சொல்ல வெட்கப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் யாராவது இறங்கும்போது சேர்ந்து இறங்கி, திரும்பி நடந்து வருகிறவன் நான். சத்தமாகப் பேசுவது ஏணி மேல் நிற்கும்போது மட்டும்தான். கீழே கயிறு பிடிக்கிறவனுக்குக் கேட்க வேண்டும் அல்லவா? "விடாத! தூக்கு! இடது பக்கம் தூக்குடா!" என்று கத்துவேன். ஏணியை விட்டு இறங்கினால் குரலும் இறங்கிவிடும். ஆக, எனக்கு இரண்டே குரல். ஒன்று யாருக்கும் கேட்காது, இன்னொன்று தெருவுக்கே கேட்கும். நடுவில் ஒன்றும் கிடையாது.

என் மனைவிக்கு அந்த நடுக்குரலும் இருக்கிறது, அதற்கு மேலும் கீழும் எல்லாக் குரலும் இருக்கின்றன. எங்கள் மகன் திருப்பூருக்கு வேலைக்குப் போனதற்குச் சம்பளம் ஒரு காரணம், அமைதி இன்னொரு காரணம்.

அப்போது நாங்கள் வண்டியூர்ப் பக்கம், தெப்பக்குளத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு லைன் வீட்டில் இருந்தோம். அடுத்த வீட்டில் புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள். பெரியவள் மூன்றாம் வகுப்பு. சின்னவன் பள்ளிக்கூடம் போகிற வயதில்லை. பார்த்ததை எல்லாம் வாயில் போடுகிற வயது. புருஷன் மேற்கே விவசாயக் குடும்பத்துப் பையன். அந்தப் பெண் அலங்காநல்லூர்ப் பக்கம் கூலி வேலை பார்த்த வீட்டுப் பெண். ஓடி வந்து கட்டிக்கொண்டவர்கள். ஓடி வந்ததில் இரண்டு ஊரும் கதவைச் சாத்திக்கொண்டன.

அவன் முதலில் ஷேர் ஆட்டோ ஓட்டினான். பிறகு ஆட்டோ நின்றுவிட்டது. ஆனால் அவன் வீட்டுக்கு ஆள் வருவது மட்டும் நிற்கவில்லை, கூடியது. பைக்கில் வருவார்கள், இஞ்சினை அணைக்காமல் நிற்பார்கள், எதையோ வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவார்கள். என் மனைவி அந்த வீட்டுக்குத் 'தபால் ஆபீஸ்' என்று பெயர் வைத்தாள். சாயங்காலமானால் இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள சுவருக்கு மேலே ஓட்டு இடுக்கு வழியாகப் புகை வரும். கொசுவுக்கு ஏதோ இலையைக் கொளுத்துகிறான் என்றுதான் நான் நினைத்திருந்தேன். கொசுக்கள் சாகவில்லை. முன்னைவிடச் சாவகாசமாகப் பறந்தன. என் மனைவிதான் சொன்னாள், "அது கஞ்சாய்யா. ஒங்களுக்கு எல்லாம் லேட்டாத்தான் ஏறும், இதாச்சும் சீக்கிரம் ஏறுதா பாப்போம்."

தெருவுக்கே தெரியும். ஆனால் யாரும் சொல்லவில்லை. சொன்னால், சொன்னது யார் என்று அவனுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. எனக்கு அந்தப் பயம் இல்லை. யாரிடமும் எதையும் சொல்லப்போவதில்லை என்று எனக்கே தெரியும்.

கையில் நாலு காசு புரண்டதும் அவனுக்கு ஆசை வந்தது, பிள்ளைகளுக்குப் பெரிய அளவில் காதுகுத்து வைக்க வேண்டும் என்று. கிடா வெட்டு, மேளம், பந்தல், தெரு முழுக்கப் பிளக்ஸ். எல்லாம் இருந்தது, தாய்மாமன்தான் இல்லை. எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் மொட்டையடித்துக் காது குத்த வேண்டும். அப்பன் இல்லாமல்கூடக் காதுகுத்து நடக்கும், மாமன் மடி இல்லாமல் நடக்காது. அந்தப் பெண்ணுக்குக் கூடப் பிறந்த ஆண்பிள்ளை கிடையாது. இருக்கிற ஒன்றுவிட்ட அண்ணன்மார் வாசல் மிதிக்க மாட்டார்கள்.

அவள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "அண்ணே, நீங்க மடியில வச்சுக்கிறீங்களா? ஒங்களத்தேன் எம் பிள்ளைகளுக்குப் பிடிச்சிருக்கு. நீங்க அதட்ட மாட்டீங்கன்னு சொல்லுதுக."

மறுக்க வேண்டுமென்றால் பேச வேண்டும். சம்மதிக்கத் தலையாட்டினால் போதும். என் வாழ்க்கையில் நடந்த முக்கியமான காரியங்கள் எல்லாம் இப்படி நடந்தவைதான், என் கல்யாணம் உட்பட. தலையாட்டினேன்.

புருஷனுக்கும் ஏகப்பட்ட சந்தோஷம். "இனிமே நீங்க எனக்கு மச்சான்" என்று என் தோளில் கை போட்டான். பிளக்ஸில் என் படத்தையும் போட்டான். என்னிடம் தனிப் படம் கிடையாது என்பதால் ஆதார் அட்டையில் உள்ளதைப் பெரிதாக்கிவிட்டார்கள். ஆதார் படத்தில் எல்லோருமே பிடிபட்ட திருடன் மாதிரிதான் இருப்பார்கள். அதை மூன்றடிக்கு இழுத்தால் எப்படி இருக்கும்! நடுவில் சின்னவன் கிரீடம் வைத்து ராஜா வேஷத்தில், பக்கத்தில் பெரியவள் ராணி, மேலே கறுப்புக் கண்ணாடியோடு அப்பன், அவனுக்குப் பின்னால் அவனுக்குச் சொந்தமில்லாத ஒரு காளை. இடது ஓரத்தில் திருடன் மாதிரி நான். எனக்குக் கீழே கொட்டை எழுத்தில் 'பாசமிகு தாய்மாமன்'. தெருமுனையில் ஏணி போட்டு அதைக் கட்டியதும் நானேதான். என் மூக்கில் நானே ஆணி அடிக்க வேண்டியதாகிவிட்டது.

காதுகுத்து முனி கோயிலில் நடந்தது. ஒரு தொடையில் அவள், இன்னொரு தொடையில் அவன். இரண்டு பேருக்கும் மொட்டை. சந்தனம் என் வேட்டியெல்லாம் வழிந்தது. பெரியவள் என் காதோரம் வந்து, "வலிக்குமா மாமா?" என்றாள். அதற்குள் ஆசாரி குத்திவிட்டார். சின்னவன் ஆசாரியை விட்டுவிட்டு என் முன்கையைக் கடித்தான். பல் பதிந்த தழும்பு இன்னும் இருக்கிறது.

சாமிக்குப் படையலில் சுருட்டு வைத்திருந்தார்கள். அதைக் காட்டி அப்பன் என் மனைவியிடம் சொன்னான், "பாத்தீகளாக்கா, சாமியே குடிக்குது. நம்மளச் சொல்ல வந்துட்டாய்ங்க."

அவள் கறியை மென்றுகொண்டே சொன்னாள், "சாமி குடிக்கும்யா. குடிச்சுட்டு ஊருக்குக் காவலும் இருக்கும். நீ என்னத்தக் காவல் காக்குற?"

அவன் சிரித்தான். நாங்களும் சிரித்தோம். பிரியாணி நன்றாக இருந்தது.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் கழித்து ஒரு சாயங்காலம். தெப்பக்குளத்து ஓரம் யாருக்கோ கண்ணீர் அஞ்சலி கட்டிக்கொண்டிருந்தேன். ஏணி மேலே நிற்கிறவனை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. இது தொழிலில் கிடைக்கிற ஒரு சௌகரியம். யார் யாரோடு ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்கள், எந்தக் கணவன் எந்தச் சந்தில் போன் பேசுகிறான் என்று எல்லாம் தெரியும். நான் பேசாதவன் என்பதால் ஊர் பிழைத்தது. அன்றைக்குப் பள்ளிக்கூடச் சீருடையோடு அடுத்த வீட்டுப் பெரியவள் வந்தாள். முடி அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது. ஒரு பைக் வந்து நின்றது. அவள் பையிலிருந்து ஜாமெட்ரி பாக்ஸை எடுத்தாள். மூன்றாம் வகுப்புக்கு ஜாமெட்ரி பாக்ஸ் எதற்கு என்று நான் யோசிப்பதற்குள், அதைத் திறந்து இரண்டு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். பைக் போய்விட்டது. பெட்டியை மூடிவிட்டு அவள் நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருடத்தில் அப்படி நிமிர்ந்து பார்த்த ஒரே ஆள் அவள்தான்.

"மாமா!" என்று கையை ஆட்டினாள். ரொம்பச் சந்தோஷமாக.

நானும் கையை ஆட்டினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் அரிவாள்மனையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். பிறகு உட்கார்ந்தாள். "நான் போனா சண்டையாயிரும். அந்தப் பிள்ளைய வேற எங்கிட்டாச்சும் கூட்டிட்டுப் போயிருவான். நீங்க போங்க. நீங்க தாய்மாமன்ல? கேக்குற உரிமை ஒங்களுக்குத்தேன் இருக்கு. பெத்த அப்பனையே கேக்கலாம்."

"என்னன்னு கேக்குறது?"

"பிள்ளைகிட்ட எதுக்கு மாப்ள குடுத்து விடுறன்னு கேளுங்க. அம்புட்டுத்தேன்."

அந்த ஒரு வரியைப் பல் விளக்கும்போதும் சொல்லிப் பார்த்தேன், சட்டம் அடிக்கும்போதும் சொல்லிப் பார்த்தேன். சொல்லிச் சொல்லி, ஆணி ஒவ்வொன்றும் "பிள்ளைகிட்ட, பிள்ளைகிட்ட" என்று இறங்கியது. பிறகு அவன் வீட்டுக்குப் போனேன். "வாங்க மச்சான்" என்று நாற்காலி போட்டான். டீ வந்தது. குடித்தேன். "சொல்லுங்க மச்சான்" என்றான்.

"டீ நல்லாருக்கு மாப்ள" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

என் மனைவி தலையில் அடித்துக்கொண்டு, அவளே போய்க் கேட்டாள். அவன் கோபப்படவே இல்லையாம். "பள்ளிக்கூடத்துப் பிள்ளைய எவன்க்கா சோதிக்கப் போறான்?" என்றானாம், ஏதோ சிக்கனமாகக் குடும்பம் நடத்துகிறவன் மாதிரி. அந்தப் பெண் அடுப்படியில் நின்று அழுதாளாம். "சொன்னா அடிக்கிறாரு மதினி, நான் எங்க போவேன்?" என்றாளாம். அதுவும் உண்மைதான். அவளுக்குப் போக இடம் இல்லை. அதனால் பிள்ளைகளுக்கும் இல்லை.

என் மனைவி அதற்கப்புறம் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எங்கள் வீட்டில் பிடித்து உட்கார வைக்கத் தொடங்கினாள். முறுக்கு, வீட்டுப்பாடம், பேன் பார்ப்பது என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். மொட்டைத் தலையில் ஏது பேன்? ஆனாலும் பார்த்தாள். சின்னவனையும் இழுத்துக்கொள்ளலாம் என்றால் அவன் அம்மா இடுப்பை விட்டு இறங்க மாட்டான்.

அந்தச் சின்னவன்தான் ஒரு மத்தியானம் எழுந்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. அந்தப் பெண் அலறுகிற சத்தம் கேட்டு ஓடினோம். பாயில் கிடக்கிறான். மூச்சு வருகிறது. கண்ணைத் திறந்தால் தானே மூடிக்கொள்கிறது. கை துணி மாதிரித் தொங்குகிறது. யாரோ கண்ணேறு என்றார்கள். காதுகுத்துப் பிளக்ஸைப் பார்த்து ஊரே கண் வைத்துவிட்டது என்று ஒரு பாட்டி என்னையே முறைத்தாள், கட்டியவன் நான்தானே. உப்பு மிளகாய் சுற்றினார்கள். என் மனைவி, "மிளகாயப் பொறவு சுத்தலாம், ஆட்டோவக் கூப்பிடுங்கடி" என்று கத்தினாள்.

ஆட்டோவில் அப்பன், அம்மா, சின்னவன். இடமில்லாமல் ஓட்டுநர் பக்கத்தில் நான். என் மடியில் பெரியவள், கூட்டத்தில் அவளை யாரும் இறக்கிவிடவில்லை. அப்பன் பின்னால் இருந்து பெண்டாட்டியிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வது கேட்டது: "ஆஸ்பத்திரில எதையாச்சும் ஒளறுன, அம்புட்டுப் பேரும் உள்ளதேன். இட்லி தின்னான்னு சொல்லு."

பெரியவள் காதோரம் வந்தாள், மடியில் வைத்துக் காது குத்தியபோது வந்தது போலவே. "மாமா, தம்பி இட்லி திங்கல. அப்பா சாக்லேட்டத் தின்னுட்டான். எங்களத் தொடக் கூடாதுன்னு சொன்ன சாக்லேட்டு. முழுசும் தின்னுட்டான்."

பொட்டலத்தோடு அப்பன் சாக்லேட்டும் விற்கத் தொடங்கியிருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதற்குள்ளும் கஞ்சாதான். பளபளவென்று காகிதம் சுற்றி, எந்தப் பிள்ளையும் எடுத்துத் தின்கிற மாதிரி இருக்கும்.

பெரியாஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா. பையனைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "என்ன சாப்பிட்டான்?"

"இட்லி" என்றான் அப்பன்.

"வேற?"

"சட்னி."

"கீழ விழுந்தானா? மாத்திரை எதையாவது எடுத்து முழுங்கினானா?"

"இல்லீங்க மேடம். நல்லாத்தேன் வெளையாண்டுகிட்டு இருந்தான்."

அந்தப் பெண் தரையைப் பார்த்தாள். டாக்டரம்மா நர்ஸிடம், தலையை ஸ்கேன் எடுக்க வேண்டும், முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்க வேண்டும், மூளைக் காய்ச்சலாக இருக்கலாம் என்று வேகமாகச் சொல்லிக்கொண்டே போனார். காரணம் தெரியாமல் பிள்ளையை எங்கெல்லாமோ குத்தப் போகிறார்கள். அப்பன் இட்லியை விட்டு இறங்குவதாக இல்லை. பெரியவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். தெப்பக்குளத்தில் ஏணிக்குக் கீழே நின்று பார்த்தாளே, அதே பார்வை.

வாயைத் திறந்தேன். முதல் குரல் வந்தது, யாருக்கும் கேட்காத குரல். டாக்டரம்மா திரும்பக்கூட இல்லை. மறுபடியும் திறந்தேன். இந்த முறை ஏணிக் குரல் வந்துவிட்டது.

"கஞ்சா சாக்லேட்டு! முழுசும் தின்னுட்டான்!"

வார்டே திரும்பியது. மூலைக் கட்டிலில் மயக்கமாகக் கிடந்த ஒரு பெரியவர் எழுந்து உட்கார்ந்தார். மாப் போட்டுக்கொண்டிருந்த அம்மா மாப்பைக் கீழே போட்டார். அப்பன் என்னைப் பார்த்த பார்வையில், மச்சான் முறை அங்கேயே முடிந்தது.

டாக்டரம்மாவுக்குக் கோபமே வரவில்லை. "அப்பாடா" என்றார். "இதச் சொல்ல இம்புட்டு நேரமா?" பிறகு மளமளவென்று வேலை நடந்தது. ஊசி போட வேண்டிய இடத்தில் போட்டார்கள், போட வேண்டாத இடத்தில் போடவில்லை. மூச்சைக் கவனிக்க ஒரு மெஷினை மாட்டினார்கள். பயப்பட வேண்டியதுதான், ஆனால் மீண்டுவிடுவான் என்றார். மறுநாள் காலையில் கண்ணைத் திறந்து எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் பையன் கேட்ட முதல் வார்த்தை, "பரோட்டா."

டாக்டரம்மா சொல்லி போலீஸ் வருவதற்குள் அப்பன் நழுவிவிட்டான். ஆனால் எவ்வளவு தூரம் போய்விட முடியும்? போலீஸ்காரர் எங்கள் தெருவுக்கு வந்து, என்னிடம் அவன் படம் இருக்கிறதா என்று கேட்டார். தெருமுனையைக் கை காட்டினேன். அங்கே கறுப்புக் கண்ணாடியோடு, காளையோடு, பத்துக்கு எட்டில் நின்றுகொண்டிருந்தான். காதுகுத்து முடிந்தும் பிளக்ஸை அவிழ்க்க விடாமல் வைத்திருந்தது அவன்தான். இன்னும் நாலு பேர் பார்க்கட்டுமே என்ற ஆசை. போலீஸ்காரர் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டார். சீக்கிரமே பிடித்துவிட்டார்கள்.

பிள்ளைகள் நலம் பார்க்கிற அரசாங்க அலுவலகம் ஒன்று இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. மேஜைக்குப் பின்னால் சிலர் இருந்தார்கள். நடுவில் இருந்த அம்மாதான் பேசினார். அந்த வீட்டுக்குப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்ப முடியாது என்றார். அங்கே சரக்கு இருந்திருக்கிறது, ஆட்கள் வருவார்கள், அப்பன் ஜாமீனில் வந்தாலும் அங்கேதான் வருவான். அதனால் பிள்ளைகளை இப்போதைக்கு இல்லத்தில் வைப்போம் என்றார். அந்தப் பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"நீ தனியா இந்த ரெண்டையும் எப்படிம்மா பாத்துக்குவ? பொறுப்பா யாராவது சொந்தக்காரங்க இருக்காங்களா?"

"எங்கண்ணே இருக்காரு" என்று என்னைக் காட்டினாள்.

"கூடப் பிறந்தவரா?"

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் இல்லை என்றும் இரண்டு பக்கமும் ஆட்டினேன் போலிருக்கிறது.

"நீங்க பிள்ளைகளுக்குத் தாய்மாமன்னா அதுக்கு ஏதாவது ஆதாரம் இருக்கா?"

ஆதாரமா? எனக்கு உயிர் வந்தது. இருக்கிறதே! அந்த அம்மாவிடம் இருங்கள் என்று கையைக் காட்டிவிட்டு, பஸ் பிடித்து வண்டியூருக்கு ஓடி, ஏணி போட்டு, பிளக்ஸை அவிழ்த்து, சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் கண்டக்டர், "அண்ணே, கூரைக்குப் போடவா?" என்றார். அலுவலகத்தில் விரிக்க இடம் போதவில்லை. வராந்தாவில் விரித்தேன். ஒரு முனையைப் பியூன் பிடித்தார், மறு முனையை ஒரு பெண் போலீஸ் பிடித்தார். "தூக்கு! இடது பக்கம் தூக்கு!" என்று என்னை அறியாமல் கத்திவிட்டேன். தூக்கினார்கள்.

மேஜை அம்மா வெளியே வந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "என்னய்யா இது?"

நான் என் படத்துக்குக் கீழே இருந்த எழுத்தைத் தொட்டுக் காட்டினேன்.

பெரியவள் முன்னால் வந்து விளக்கம் சொன்னாள்: "இது தம்பி. இது நானு. இது எங்க மாமா. அது எங்கப்பா. அந்த மாடு யாருன்னு தெரியாது."

அந்த அம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். திரும்பி வந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்த ஈரம் என்றுதான் நினைக்கிறேன். "சட்டத்துக்கு மடி தெரியாதுங்க" என்றார். "ஆனா ரத்த சொந்தம் இல்லாட்டியும், நம்பிப் பிள்ளைகளை விடக்கூடிய ஆள்தானான்னு விசாரிச்சு முடிவெடுக்க வழி இருக்கு. நீங்க பார்த்தது, நடந்தது எல்லாத்தையும் சொல்லுங்க." நான் பிளக்ஸைச் சுருட்டத் தொடங்கினேன். "பேச வரலைன்னா எழுதிக் குடுங்க." அதற்குத் தலையை ஆட்டினேன், எழுதத்தான் இல்லை. கடைசியில் என் மனைவியை வரச் சொல்லி அவளிடம் கேட்டார்கள். அவள் சொல்லி முடிப்பதற்குள் அலுவலகத்தில் மின்விசிறியை நிறுத்தும் நேரமாகிவிட்டது.

பிள்ளைகள் கொஞ்ச காலம் இல்லத்தில் இருந்தார்கள். பார்க்கிற நாளில் வாழைப்பழத்தோடு போவோம். சின்னவன் என் கையைப் பார்த்து, அவன் கடித்த தழும்பு இருக்கிறதா என்று சரிபார்ப்பான். இதற்கிடையே நாங்கள் லைன் வீட்டைக் காலி செய்துவிட்டு, ஊரின் மறுகோடியில், நாகமலை புதுக்கோட்டையில் முன்பக்கம் ஒரு அறை பின்பக்கம் ஒரு அறை உள்ள வீடு பார்த்தோம். பின்பக்கம் அந்தப் பெண்ணுக்கு. மாணவர்கள் சாப்பிடுகிற ஒரு மெஸ்ஸில் அவளுக்குச் சமையல் வேலை கிடைத்தது. விசாரிக்க வந்த பெண் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "குளிக்கிற இடத்துக்கு மறைப்பு வேணுமே" என்றார். பிளக்ஸ் இருக்கிறதே! கட்டினேன். ராஜா, ராணி, காளை, திருடன் எல்லோரும் முற்றத்தைப் பார்த்து நிற்க, பின்னால் மறைவாகக் குளித்தோம். பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள்.

அப்பன் ஜாமீனில் வெளியே வந்து, பொங்கல் சமயத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தான். மெலிந்து போயிருந்தான். கையில் ஒரு பை ஆரஞ்சு. நான் அப்போது ஏணி மேலே நின்று கூரைத் தகரத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். பெண்கள் இரண்டு பேரும் வீட்டில் இல்லை. பிள்ளைகள் முற்றத்தில் கரும்பு தின்றுகொண்டிருந்தார்கள்.

"மச்சான், பிள்ளைகள அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். சாயங்காலம் கொண்டாந்து விடுறேன்."

பெரியவள் கரும்பைக் கீழே வைத்தாள். தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு ஏணிக்கு அடியில் வந்து நின்றாள். மேலே பார்த்தாள்.

"இறங்கி வாங்க மச்சான், பேசுவோம்" என்றான்.

"இறங்க மாட்டேன்!" என்றேன். இறங்கினால் குரல் போய்விடும் என்று எனக்குத் தெரியும். டீ நல்லாருக்கு என்று சொல்லிவிடுவேன். "அங்கிட்டே நில்லு மாப்ள! பிள்ளைகளக் கூட்டிட்டுப் போக விட மாட்டேன்! பாக்கணும்னா ஆபீஸ்ல போயிக் கேட்டுட்டு வா. அவுக சரின்னு சொன்னா இந்த முத்தத்துல, எங்க கண்ணு முன்னால உக்காந்து பாரு. டீ தாரேன். வாசலத் தாண்டிக் கூட்டிட்டுப் போனியின்னா ஏணியோட ஒம் மேல விழுந்துருவேன்!"

தெரு எட்டிப் பார்த்தது. அவனுக்கு முகம் சிவந்தது. "எம் பிள்ளைகள நான் கூட்டிட்டுப் போகக் கூடாதுன்னு சொல்ல நீ யாருடா?"

சுத்தியலால் குளிக்கிற மறைப்பைக் காட்டினேன். "நீயே அடிச்சு வச்சிருக்க, படிச்சுப் பாரு!"

திரும்பிப் பார்த்தான். எதிரே அவனே நின்றான், கறுப்புக் கண்ணாடியோடு, எட்டடி உயரத்துக்கு. சட்டை ஈரத்தில் நிறம் போயிருந்தது. அவன் தன்னையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு இடது ஓரத்தில் என்னையும், எனக்குக் கீழே இருந்த எழுத்தையும் பார்த்தான்.

"ஒங்க போட்டோ கேவலமா இருக்கு மச்சான்" என்றான்.

"ஆதார் போட்டோடா!"

ஆரஞ்சுப் பையைத் துவைக்கிற கல்லில் வைத்துவிட்டுப் போனான். நான் அவன் தெருவைத் தாண்டும் வரை இறங்கவில்லை. சின்னவன் பழத்தை எடுத்து, தோலை உரித்து, முதல் சுளையைத் தின்பதற்கு முன்னால் அக்காவிடம் நீட்டினான். "இது திங்கிறதா?" என்று கேட்டான். எதைக் கொடுத்தாலும் இப்போது அவன் அப்படித்தான் கேட்கிறான். அவள் முகர்ந்து பார்த்து, "தின்னு" என்றாள்.

பிறகு அப்பன் அலுவலகத்தில் கேட்டுவிட்டு முறையாக வந்தான். இப்போதும் வருகிறான். முற்றத்தில் உட்கார்ந்து பார்க்கிறான், டீ குடிக்கிறான், போகிறான். திருந்திவிட்டானா என்று தெருவில் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. மேலே இருந்து பார்க்கிறவனுக்கு ஆளின் உச்சந்தலைதான் தெரியும். அவன் பை கொண்டுவந்தால் என் மனைவி வாங்கிக் கொட்டிப் பார்க்கிறாள், அவன் முன்னாலேயே. அவனும் ஒன்றும் சொல்வதில்லை.

அந்த அலுவலக அம்மாவை இன்னும் பார்க்கப் போவதுண்டு. போகும்போதெல்லாம், "நீங்க எழுதித் தாறேன்னது என்னாச்சு?" என்று சிரிக்கிறார். நான் தருவதாகச் சொல்லவே இல்லை, தலையைத்தான் ஆட்டினேன். ஆனாலும் ஆட்டியது ஆட்டியதுதான். இந்தாங்கம்மா, எழுதிவிட்டேன். கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

ஆவணி மாதம், முதல் ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம். பிள்ளைகள் இரண்டு பேரும் வீட்டில்தான் இருக்கிறார்கள்.